வெல்லப் பொட்டலத்தின் மேல் ஒரு சொல்: சபரிமலைப் பிரசாத வழக்குகளும் உணவு முத்திரையின் வரலாறும்

2021 நவம்பரில், மண்டல காலம் தொடங்கியதை ஒட்டி, கேரள உயர்நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு தாக்கலாயிற்று. சபரிமலையில் அரவணையும் அப்பமும் செய்வதற்காக வாங்கி வைத்திருந்த வெல்லத்தின் சில பொட்டலங்களில் ‘ஹலால்’ என்ற சொல் அச்சிடப்பட்டிருந்தது என்பதே மனுவின் அடிப்படை. வேறொரு சமயத்தின் உணவு நெறிப்படி சான்றளிக்கப்பட்ட பொருள் ஐயப்பனுக்கு நைவேத்தியமாக எப்படிப் படைக்கப்படலாம் என்று மனுதாரர் கேட்டார். அவர் சபரிமலை கர்ம சமிதியின் பொது ஒருங்கிணைப்பாளர். எதிர்த்தரப்பில் முதன்மையாக நின்றது திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம்.

வாரியத்தின் விளக்கம் சுருக்கமானது. வெல்லம் மகாராஷ்டிரத்து ஆலை ஒன்றிலிருந்து வந்தது. அந்த ஆலை அரபு நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்வதால், சில பொட்டலங்களில் அந்நாட்டு வணிகத்துக்குரிய முத்திரை இருந்தது. சர்ச்சைக்குரிய சரக்கு பழைய இருப்பு. அது ஏலத்தில் விற்கப்பட்டுவிட்டது. பிரசாதத்துக்கான மூலப்பொருட்கள் பம்பையிலுள்ள ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே சன்னிதானத்துக்கு ஏற்றப்படுகின்றன.

நாளிதழ்களில் சில நாட்கள் ஓடி மறைந்த செய்தி இது. ஆயினும் உணவு, சட்டம், சமயம் ஆகிய மூன்றின் வரலாற்றைப் படிப்போருக்கு இந்த வழக்கு ஒரு நல்ல ஆவணம். ஒரே பொட்டலத்தின் மீது மூன்று வெவ்வேறு கேள்விகள் இதில் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. உள்ளே இருப்பது என்ன? மேலே அச்சிட்ட சொல் எதைச் சொல்கிறது? அந்தப் பொருள் இந்த வழிபாட்டுக்கு ஏற்றதா? முதல் கேள்விக்கு ஆய்வகமும், இரண்டாவதற்குச் சட்டமும், மூன்றாவதற்கு அந்தந்தச் சமய மரபின் அதிகாரிகளும் விடை சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்கு உரிய விடையை இன்னொரு கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் உணவுத் தகராறு சமயத் தகராறாக மாறுகிறது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்க நடுவர்களாக நின்றவர்கள் வரலாற்றில் யார் யார் என்பதைக் கேரளத்தின் கிழக்கு எல்லையை மையமாக வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

எல்லைப் பகுதியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கேரளம் உண்ணும் அரிசி, காய்கறி, பால், வெல்லம் ஆகியவற்றில் பெரும்பங்கு வாளையார், மீனாட்சிபுரம், குமுளி போன்ற வாயில்கள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 1949 ஜூலை 1 வரை இந்த எல்லையில் மூன்று ஆட்சிகள் இருந்தன. பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது; அதை ஒட்டிய சித்தூர் கொச்சி அரசுக்கு உரியது; இன்றைய இடுக்கியின் மலைகள் திருவிதாங்கூருக்கு உரியவை. 1918-இல் சென்னை மாகாணம் இயற்றிய கலப்படத் தடுப்புச் சட்டம் பாலக்காட்டுக்குப் பொருந்தியது. சில கல் தொலைவிலிருந்த சித்தூருக்குப் பொருந்தவில்லை. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் என்ற நிலை 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவரை ஒரே சந்தைச் சரக்கு, ஆட்சி எல்லையைக் கடக்கும்தோறும் சட்டத்தின் கண்ணில் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது.

சட்டம் மாறியது போலவே சொல்லும் மாறியது. மலையாளத்தில் ‘சர்க்கர’ என்றால் வெல்லம். இன்றைய தமிழில் ‘சர்க்கரை’ என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சீனி. பழைய பொருள் நம்மிடம் சர்க்கரைப் பொங்கலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லையின் இரு பக்கமும் சரக்கு விற்கும் வணிகர் ஒருவருக்கு இந்த வேறுபாடு அன்றாட நடைமுறை. பெயர்ப்பலகையில் எழுதிய சொல்லைப் படித்து மட்டும் யாரும் வாங்கிவிடுவதில்லை. விற்பவரை அறிந்து வாங்கினர். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களும், அதே பாலக்காட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் தத்தம் உணவு நெறிகளைக் காத்துக்கொண்டது இந்த வழியில்தான். நெய் யாருடைய வீட்டிலிருந்து வருகிறது, இறைச்சியை அறுத்தவர் யார் என்பதை அறிந்திருப்பதே சான்றிதழ். முத்திரை என்ற ஒன்று தேவைப்படாத காலம் அது. ஏனெனில் விற்பவருக்கு முகம் இருந்தது.

இடுக்கியின் மறையூர் வெல்லம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மறையூர், காந்தளூர் ஊராட்சிகளில் விளையும் கரும்பிலிருந்து ஆலைக்கொட்டகைகளில் காய்ச்சி, கையால் உருண்டை பிடிக்கும் வெல்லம் அது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக ஏறும் சாலையில் இருக்கும் மறையூர், அஞ்சுநாடு எனப்படும் பழைய தமிழ்க் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்தது. வெல்லத்தின் புகழ் பரவியபோது, சமவெளியில் காய்ச்சிய வெல்லமும் ‘மறையூர்’ என்ற பெயரில் கேரளச் சந்தைகளுக்கு வரத் தொடங்கியது. 2019 மார்ச்சில் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முகத்தை நம்பிய வணிகம் முத்திரையை நாட வேண்டிவந்ததன் வரலாறு அந்த ஒரு பதிவில் அடங்கியிருக்கிறது. ஊர்ப்பெயர் பொய்யாக ஒட்டப்பட்டால் இழப்பு பணத்தில் அளக்கத்தக்கது. அதற்கு நீதிமன்றம் ஈடு சொல்ல முடியும். ஆனால் உணவு நெறியைப் பற்றிய பொய்க்கு இழப்பு எதில் அளக்கப்படும்? உண்டதை உண்ணாததாக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய பழைய நடுவர் மன்றம் ஒன்றைக் கல்கத்தாவில் காண்கிறோம். 1917-இல் அந்நகரில் விற்ற நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருப்பது வெளிப்பட்டது. நெய் வணிகத்தில் முன்னணியில் இருந்தவர்கள் மார்வாரிகள். அதனால் தீட்டுப்பட்டவர்களிலும் மார்வாரிகள் இருந்தனர், குற்றம் சாட்டப்பட்டவர்களிலும் மார்வாரிகள் இருந்தனர். பிராமணர்கள் பெருந்திரளாக ஹூக்ளிக் கரையில் கூடிப் பிராயச்சித்தச் சடங்கு செய்தனர். மார்வாரி சமூகத்தின் பஞ்சாயத்து கூடி, கலப்படம் செய்த வணிகர்களுக்கு அபராதமும் சமூக விலக்கும் விதித்தது. அதே ஆண்டில் அரசும் நெய்க் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. உண்டவரின் தீட்டுக்கு ஆற்றங்கரை, விற்றவரின் குற்றத்துக்குப் பஞ்சாயத்து, இனி வரும் சரக்குக்கு அரசு என மூன்று வகையான தீர்வுகள் ஒரே நிகழ்வில் அருகருகே செயல்பட்டன. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முற்படவில்லை. பஞ்சாயத்தின் அதிகாரம் சாதிக் கட்டுப்பாட்டின் மீது நின்றது. அதை இன்று யாரும் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. எனினும் அந்தப் பிரிவினையின் தெளிவு குறிப்பிடத்தக்கது.

பெரிய ஆலைகளின் காலத்தில் பஞ்சாயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1983-இல் இறக்குமதியான மாட்டுக்கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டதாக எழுந்த புகார் நாடாளுமன்றம் வரை அதிர்ந்தது. ஒன்றிய அரசு விலங்குக் கொழுப்பின் இறக்குமதியைத் தடை செய்தது. இங்கே விற்றவருக்கும் உண்டவருக்கும் இடையே எந்த முகமும் இல்லை. டால்டா டப்பாவைத் திறந்த குடும்பத்துக்குக் கப்பல், துறைமுகம், ஆலை, மொத்த வணிகர் என எவரையும் தெரியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே முத்திரை பிறந்தது. அசைவப் பொருளுக்குப் பழுப்பு நிறக் குறி கட்டாயம் என்று 2000-ஆம் ஆண்டிலும், சைவப் பொருளுக்குப் பச்சைக் குறி கட்டாயம் என்று 2001-ஆம் ஆண்டிலும் கலப்படத் தடுப்பு விதிகள் திருத்தப்பட்டன. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இக்குறிகளைத் தன் விதிகளுக்குள் எடுத்துக்கொண்டது. 2020-ஆம் ஆண்டின் முத்திரையிடல் விதிகள் பழுப்பு வட்டத்தைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் வடிவத்தைக் கொண்டு அறிந்துகொள்ள இது உதவும்.

பச்சைப் புள்ளி அரசின் முத்திரை, ஹலால் அப்படிப்பட்டதன்று. இந்தியாவில் அதைத் தருபவை தனியார் நிறுவனங்களும் சமய அமைப்புகளின் அறக்கட்டளைகளும். உள்நாட்டுச் சந்தையில் அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஏற்றுமதியில்தான் அதன் தேவை மிகுதி. பொருளில் விலக்கப்பட்டவை எவையும் கலக்கவில்லை என்று ஓர் இஸ்லாமிய நுகர்வோருக்குச் சொல்வதே அதன் வேலை. கரும்புச்சாறு காய்ச்சிய வெல்லத்துக்கு அது எதற்கு என்று கேட்கலாம். சாற்றைத் தெளிவிக்கவும் நிறம் வெளுக்கவும் பொருட்கள் சேர்க்கப்படும் தொழிலில், சேர்த்தவை எவை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தொலைவிலுள்ள வாங்குபவரின் ஐயத்துக்கு அந்த ஒரு சொல் விடையளிக்கிறது. அயல்நாட்டு வாங்குபவருக்காக எழுதிய விடை, வழிதவறிச் சபரிமலையில் படிக்கப்பட்டபோது அதன் பொருள் மாறிற்று. ‘இதில் இன்னது இல்லை’ என்ற வணிகச் செய்தி, ‘இது இன்னாருக்கு உரியது’ என்ற சமயச் செய்தியாக வாசிக்கப்பட்டது.

அந்த வாசிப்பு தனியே எழவில்லை. 2021-ஆம் ஆண்டு முழுவதும் கேரளத்தில் ஹலால் பற்றிய சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் எறணாகுளம் மாவட்டம் குறுமசேரியில், பேக்கரி ஒன்றின் முகப்பில் ஒட்டியிருந்த ஹலால் அறிவிப்பை நீக்கச் சொல்லி ஓர் அமைப்பினர் கடிதம் கொடுத்தனர். கடைக்காரர் அறிவிப்பை நீக்கினார். கடிதம் கொடுத்தோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. நவம்பரில் உணவகங்களின் ஹலால் பலகைகள் அரசியல் மேடைகளின் பேச்சாயின. நடுவர் என ஒருவர் இல்லாத இடத்தில் முத்திரைத் தகராறு எப்படி மிரட்டலாகவும் காவல்துறை வழக்காகவும் முடிகிறது என்பதற்குக் குறுமசேரி சான்று. அதனோடு ஒப்பிட்டால், வெல்ல வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது ஒரு நன்மையே.

நீதிபதிகள் அனில் கே. நரேந்திரன், பி.ஜி. அஜித்குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு விசாரணையின்போது எழுப்பிய கேள்வி முக்கியமானது. ஹலால் என்ற கருத்தின் பொருளை ஆராய்ந்து பார்த்த பிறகா மனு தாக்கல் செய்யப்பட்டது என்று அமர்வு வினவியது. சில பொருட்கள் விலக்கப்பட்டவை. சான்றிதழ் அவை சேர்க்கப்படவில்லை என்பதையே தெரிவிக்கிறது என்ற கருத்தை நீதிபதிகள் வாய்மொழியாக வெளியிட்டனர். உணவுப் பாதுகாப்புத் துறையின் தரப்பில், பிரசாதங்கள் உண்ணத் தகுதியானவை என்ற சோதனை முடிவு முன்வைக்கப்பட்டது. முதல் கேள்விக்கு ஆய்வகமும், இரண்டாம் கேள்விக்கு அமர்வும் விடை சொல்லிவிட்டதாக இதைக் கொள்ளலாம். மூன்றாம் கேள்வி, அதாவது நைவேத்தியத்துக்கு எது ஏற்றது என்பது, தாழமண் குடும்பத்துத் தந்திரியின் எல்லைக்குள் வருவது. ‘உண்ணத் தகுதியானது’ என்ற ஆய்வகச் சொல் ‘படைக்கத் தகுதியானது’ என்ற மரபுச் சொல்லுக்கு ஈடாகாது. அதேபோல, படைக்கத் தகாதது என்று ஒருவர் கருதுவதால் அது கெட்டுப்போன உணவாகிவிடாது. மனு இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டது என்பதே அதன் சிக்கல்.

இதே அரவணையின் மற்றொரு மூலப்பொருள் ஓராண்டில் நீதிமன்றம் ஏறியது. இம்முறை ஏலக்காய். அரிசி, வெல்லம், நெய், சுக்கு ஆகியவற்றோடு சேரும் ஏலக்காய் அளவில் மிகச் சிறிது. அதன் தாயகம் இடுக்கியின் ஏலமலைகள். புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலங்களே அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. வாரியம் வாங்கிய ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக, முன்பு அப்பொருளை வழங்கிவந்த நிறுவனம் ஒன்று உயர்நீதிமன்றத்தை அணுகியது. 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அனுமதித்த அளவைக் கடந்திருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. 2023 ஜனவரி 11 அன்று அந்த ஏலக்காய் சேர்த்த அரவணையை விற்க உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஏறத்தாழ 6.65 லட்சம் டப்பாக்கள் சன்னிதானத்துக் கிடங்கில் முடங்கின. மகரவிளக்கு நெருங்கிய அந்நாட்களில் வாரியம் ஏலக்காய் இல்லாத அரவணையைச் செய்து விற்றது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் அனுமதியுடன் நடந்த மறுசோதனையில் அரவணை உண்ணத் தக்கது என்ற முடிவு வந்தது. ஆனால் நாட்பட்ட பிரசாதத்தைப் பக்தர்களுக்குக் கொடுக்க வாரியமே விரும்பவில்லை. 2024 மார்ச்சில் நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, பி.எஸ். நரசிம்மா அமர்வு உயர்நீதிமன்றத்தின் ஆணைகளை ரத்து செய்தது. ஒப்பந்தப் போட்டியில் தன்னலம் உள்ள ஒரு நிறுவனத்தின் மனுவை உயர்நீதிமன்றம் ஏற்றிருக்கவே கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தபோது மீட்பதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அந்த டப்பாக்களின் இழப்பு இறுதியில் பக்தர்களின் காணிக்கையில்தான் விழுந்தது.

ஆய்வகத்தை முழுமையான நடுவராகக் கொள்வதன் எல்லையை இவ்வழக்கு காட்டுகிறது. அதே 2023 ஜனவரியில், தென்காசியை ஒட்டிய ஆரியங்காவு எல்லையில் 15,300 லிட்டர் பாலுடன் ஒரு டேங்கர் லாரி பிடிக்கப்பட்டது. பால்வளத் துறையின் சோதனை ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் சொன்னது; பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறை செய்த சோதனையில் அது காணப்படவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு நேரம் செல்லச் செல்லச் சிதையும் பொருள்; எனவே மாதிரியை எப்போது எடுத்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கக் கூடும். இரண்டு அரசுத் துறைகள் ஒரே பாலைப் பற்றி இரண்டு விடைகளைத் தந்தன. மீனாட்சிபுரத்திலும் குமுளியிலும் பண்டிகைக் காலங்களில் நடக்கும் பால் சோதனையைப் பார்ப்போர் இந்த நிகழ்வை நினைவில் கொள்வது நல்லது.

அளவின் எல்லையும் நிலையானதன்று. தனியே வரம்பு குறிக்கப்படாத பூச்சிக்கொல்லிக்கு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொது வரம்பு. 2024 ஏப்ரலில், இந்தியாவில் பதிவு பெறாத பூச்சிக்கொல்லிகளின் எச்சத்துக்கு, நறுமணப் பொருட்களைப் பொறுத்தவரை, இந்த வரம்பு 0.1 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. அதாவது பத்து மடங்கு. அறிவியலின் தூய்மை ஓர் எண். அந்த எண் கூடலாம், குறையலாம். சமய நெறியின் தூய்மைக்கு எண் கிடையாது. ஒரு துளியும் முழுமையே. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் ஒன்று தெளிவாக ஏற்றுக்கொண்டது, வெல்ல வழக்கு எழுந்த அடுத்த மாதத்தில். 2021 டிசம்பர் 9 அன்று ராம் கௌ ரக்ஷா தளம் தொடுத்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், உணவில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து பெறப்பட்டதா, விலங்கிலிருந்து பெறப்பட்டதா, ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதா என்பது வெளிப்பட வேண்டும் என்றது. E631 என்ற குறியீட்டு எண்ணால் மட்டும் சுட்டப்படும் சுவையூட்டி இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ பெறப்பட்டதாகவும் இருக்கலாம். எண்ணைப் படிக்கும் சாதாரண நுகர்வோர் அதை அறிய வழியில்லை. விலங்குப் பகுதி எத்தனை விழுக்காடு என்பது பொருட்டன்று என்றும், தான் உண்பது என்னவென்று அறிவது அரசியலமைப்பின் 21, 25 ஆகிய பிரிவுகளோடு தொடர்புடைய உரிமை என்றும் தீர்ப்பு கூறியது.

இனி நுகர்வோரைத் தேடுவோம். வெல்ல வழக்கில் மனுதாரர் ஓர் இயக்கத்தின் பொறுப்பாளர். ஏலக்காய் வழக்கில் மனுதாரர் போட்டி வணிகர். வரிசையில் நின்று டப்பாவை வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, அண்டை வீடுகளுக்குப் பங்கிட்ட எளிய பக்தர் இரண்டிலும் தரப்பினராக இல்லை. அவருக்காக எல்லோரும் பேசினர், அவர் பேசவில்லை. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையங்களோடு இணைந்த சமரச மையங்களை முதன்முறையாக ஏற்படுத்தியது. இரு தரப்பும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் 2020-ஆம் ஆண்டின் சமரச விதிகள், பொதுநலம் சார்ந்த வழக்குகளையும், தரப்பினராக இல்லாத பலரின் நலன் அடங்கிய வழக்குகளையும் சமரசத்துக்கு அனுப்பலாகாது என்கின்றன. இந்த விலக்கு நியாயமானது. ஒரு பக்தருக்கு ஈட்டுத்தொகை கொடுத்து வழக்கை மூடிவிட்டால், அதே பொருளை உண்ட மற்றவர்களுக்குச் செய்தியே எட்டாது.

தனிமனிதர் தனியே போராடினாலும் வெற்றி எளிதன்று. மும்பையில் ஒரு மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2025-இல் தள்ளுபடி செய்த புகார் இதற்குச் சான்று. சைவ உணவுக்குப் பதில் அசைவம் தரப்பட்டது என்று இருவர் புகார் செய்தனர். உணவு நெறியில் உறுதியுள்ளவர்கள் இரண்டும் விற்கும் கடையில் ஏன் வாங்கினர் என்று ஆணையம் கேட்டது. எச்சரிக்கையின் சுமையை இந்தக் கேள்வி உண்பவர் மீதே ஏற்றுகிறது. முகமறிந்து வாங்கிய அக்கிரகாரக் காலத்துக்கு அது பொருந்தலாம். முத்திரையை நம்பி வாங்கச் சொல்லும் சட்டத்தின் காலத்தில், முத்திரையை நம்பியவரிடம் ‘ஏன் நம்பினாய்’ என்று கேட்பது முரண்.

அப்படியானால் அரசு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது? இதற்கு நியூயார்க் மாநிலத்தின் அனுபவம் உதவும். யூத உணவு நெறியான கோஷர் என்ற பெயரில் போலிப் பொருளை விற்பதைத் தடுக்க அங்கே நெடுங்காலம் ஒரு சட்டம் இருந்தது. வைதிக யூத மரபின் அளவுகோலையே அச்சட்டம் தன் அளவுகோலாகக் கொண்டிருந்தது. யூதர்களுக்குள்ளேயே கோஷரின் விளக்கம் வேறுபடுவதால், எது கோஷர் என்று அரசு தீர்மானிப்பது சமய விவகாரத்தில் பக்கம் சாய்வது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் அச்சட்டத்தை நீக்கியது. 2004-இல் வந்த புதிய சட்டம் அளவுகோலைக் கைவிட்டு, வெளிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது: கோஷர் என்று விற்பவர், அதற்குச் சான்றளித்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் உண்பவரின் முடிவு. அரசு நெறியை விளக்கவில்லை. நெறியை விளக்கியவர் யார் என்பதை மறைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது.

இந்த வழி நம் மரபுகளுக்கும் அயலானதன்று. தர்மசாஸ்திரங்கள் அறிந்து உண்டவருக்கும் அறியாது உண்டவருக்கும் வெவ்வேறு பிராயச்சித்தம் வகுக்கின்றன. அறியாதவருக்குச் சுமை குறைவு. இஸ்லாமியச் சட்ட மரபிலும், விலக்கப்பட்டதை அறியாமலோ வேறு வழியின்றியோ உண்டவர் மீது பாவம் சாராது. உண்டவரின் சுமையைக் குறைத்த இரு மரபுகளும், அறிந்தே மறைத்து விற்றவரை அவ்வாறு விடுவிப்பதில்லை. ஹலால் வெல்லத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசியவர்கள் இந்த ஒரு புள்ளியில் ஒன்றுபட முடியும்: அறிந்தவர் சொல்ல வேண்டும். தில்லி உயர்நீதிமன்றம் அரசியலமைப்பின் மொழியில் சொன்னதும் இதுவே.

இதைச் சபரிமலைக்குப் பொருத்தினால் நடைமுறை எளிதாகிறது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, அதில் என்ன சேர்க்கப்பட்டது, பொட்டலத்தில் உள்ள ஒவ்வொரு சான்றும் யார் எதற்காகத் தந்தது என்பதைக் கொள்முதலின்போதே வாரியம் பொதுவில் வைத்தால், முதல் இரண்டு கேள்விகளும் நீதிமன்றம் ஏறுமுன்பே தீரும். மூன்றாம் கேள்வியைத் தந்திரியிடம் முன்கூட்டியே கேட்டு, விடையை அறிவிக்கலாம். மகாராஷ்டிரத்து வெல்லமே கூடாது, மறையூர் வெல்லமோ மத்தியத் திருவிதாங்கூர் வெல்லமோதான் வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால், அது விலையும் அளவும் பற்றிய வாதமாக நிற்கும். சமயப் பகையாக வளராது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். கேரள, தமிழக எல்லையின் உணவு வணிக வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கம்பம், போடி ஆகிய சந்தைகளின் கணக்கேடுகளும், பாலக்காடு, தேவிகுளம், பீருமேடு ஆகிய இடங்களின் பழைய நகராட்சி, வருவாய்த் துறை ஆவணங்களும் எழுதுபவருக்காகக் காத்திருக்கின்றன. கலப்பட வழக்குகளில் சாட்சி சொன்ன கடைக்காரர்கள், மாதிரி எடுத்த சுகாதார ஆய்வாளர்கள், அபராதம் கட்டிய வணிகர்கள் ஆகியோரின் பேச்சு அங்கேதான் கிடைக்கும். சமயத்துக்குச் சமயம் பகை என்று இன்று சொல்லப்படும் பல தகராறுகள், யாரிடம் வாங்குகிறோம் என்று தெரியாமல் போன ஒரு சந்தையின் தகராறுகளாகவே அந்தத் தாள்களில் தொடங்கியிருக்கக் கூடும். அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் தங்கள் கண்டடைவுகளை எழுத வேண்டும்.